பாண்டி பழைய பள்ளிக்கூட வாக் போயிட்டு வந்தோம், என் ரிவ்யூ

போன வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு அம்மாவையும் கூட்டிக்கிட்டு கடலூர்ல இருந்து காலைல ஆறு மணி பஸ்ல பாண்டி போனேன். பழைய பள்ளிக்கூடங்கள மட்டுமே சுத்திக் காட்டுற வாக் ஒண்ணு, ஆளுக்கு 500 ரூபா, ஏழரைக்கு சம்பா கோவில்ங்கிற பழைய சர்ச் வாசல்ல நிக்கணும். தாராளமா போகலாம், குடுத்த காசுக்கு மேலயே கிடைச்சுது. ஆனா ஒரு குறை இருக்கு, அதச் சொல்லத்தான் இத எழுத உக்காந்தேன்.

கைடு உள்ளூர்த் தம்பி, மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற ஆள் இல்ல. சேன் பால், அதாவது புனித பவுல்ங்கிற பேரு நம்ம சனங்க வாயில சம்பா ஆயிடுச்சுன்னு ஆரம்பிச்சாரு, பழைய கோவில 1761ல இங்கிலீஷ்காரங்க ஊர பிடிச்சப்ப இடிச்சுட்டாங்க, இப்ப இருக்கறது 1791ல வந்தது. அங்கேருந்து பெத்தி செமினார். பாரிஸ் மிஷன் சாமியாருங்க 1844ல ஆரம்பிச்சது, பேருக்கு அர்த்தமே சின்ன குருமடம்தான், சாமியாராப் போற பையன்களுக்காகத் தொடங்கினது இன்னிக்கு எல்லாப் புள்ளைங்களும் படிக்கிற ஸ்கூல். இங்கயே அரை மணி நேரம் போச்சு, எனக்கு சலிக்கவே இல்ல.

மிஷன் வீதி கல்வே கல்லூரி (பேருதான் கல்லூரி, பள்ளிக்கூடம்தான்) வாசல்ல நின்னப்ப மேல ரோமம் சிலிர்த்துடுச்சு. கனக சுப்புரத்தினம்னு ஒரு பையன் இங்க தமிழ் படிச்சு, 1909ல காரைக்கால் பக்கம் நிரவில வாத்தியாராப் போயி, அப்புறம் பாரதிதாசன் ஆனாரு. ஸ்கூல் நடக்கற நாள்ங்கறதால எங்கயும் உள்ள விடல, வெளியில இருந்துதான் பாத்தோம். பிரெஞ்சு லிசேங்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடமும் அப்படித்தான், அது 1826லயே தொடங்கினது.

இப்ப குறைக்கு வரேன். அதே 1844ல, அதே பாண்டில, லூயி துப்புயின்னு ஒரு சாமியார் பொம்பளப் புள்ளைங்களுக்குப் படிப்பு சொல்லித்தரணும்னே ஒரு கன்னியர் சபைய ஆரம்பிச்சாரு, மாசற்ற இருதய மரி சபை. மிஷன் அச்சுக்கூடத்துக்கும் தமிழ்-பிரெஞ்சு அகராதிக்கும் உழைச்ச மனுஷன். அவருக்கும் முன்னாடி 1827லயே குளூனிங்கிற கன்னியர் சபை சிஸ்டருங்க பிரான்ஸ்ல இருந்து கப்பல்ல வந்து இறங்கிட்டாங்க. இந்த ரெண்டுக்கும் சேத்து மூணு நிமிஷம்கூட பேசல! அம்மா போர்டிங்ல தங்கி சிஸ்டருங்ககிட்ட படிச்சவங்க, எங்க தாத்தா வீட்டுல பேனா பிடிச்ச முதல் பொம்பளப் புள்ள அவங்கதான். "எங்க ஸ்கூலப் பத்தி ஒண்ணும் சொல்லலியே தம்பி"ன்னு கேட்டே கேட்டாங்க. "நேரம் பத்தாதும்மா"ன்னு சொல்லிட்டாரு.

வாக் முடிஞ்சதும் நாங்களே ரோமன் ரோலான் வீதில குளூனி எம்ப்ராய்டரி சென்டருக்குப் போனோம். பொம்பளைங்க உக்காந்து வெள்ளைத் துணில கையாலயே பூ போட்டுட்டு இருந்தாங்க. அம்மா ஒரு மேஜை விரிப்ப எடுத்தாங்க, பூவ பாக்கல, நேரா துணியத் திருப்பி பின்பக்கத்த விரலால தடவிப் பாத்தாங்க. ஒரு முடிச்சு இல்ல, ஒரு நூல் தொங்கல. அம்மா படிச்ச காலத்துல பின்னாடி முடிச்சு தெரிஞ்சா சிஸ்டர் மொத்தத்தையும் பிரிச்சுட்டு மறுபடி போடச் சொல்லுவாங்களாம், அப்படி ஒரே இலைய நாலு தடவ போட்டிருக்காங்களாம். இத்தன வருஷத்துல எங்கிட்ட இத சொன்னதே இல்ல. ரெண்டு கைக்குட்டை வாங்கிட்டு வந்தோம்.

வாக் நடத்தறவங்க இதப் படிச்சா ஒண்ணு கேட்டுக்கறேன், பெத்தி செமினார்ல பத்து நிமிஷத்தக் குறைச்சாலும் பரவால்ல, இந்த வீதியையும் சேருங்க, அங்க படிச்ச அம்மாங்க யாராவது கூட வந்தா அவங்களப் பேச விடுங்க. போறவங்க தண்ணி பாட்டில், தொப்பி எடுத்துக்கங்க, ஒம்பது மணிக்கே வெயில் சுள்ளுன்னு அடிக்குது, நடுவுல உக்கார இடமும் இல்ல, முட்டி வலி உள்ளவங்க முன்னாடியே சொல்லிட்டா மெதுவா நடக்கறாங்க.