கடைவாய்ப் பல் போன இடத்தில் எதை வைப்பது: கழற்றி மாட்டும் பல், பிரிட்ஜ், இம்ப்ளான்ட்

கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல் ஏறக்குறைய ஆறு வயதிலேயே முளைத்துவிடுவதால், அதைப் பால்பல் என்று நினைத்துக் கவனிக்காமல் விட்டுவிடும் வீடுகள் பல. நிலையான பற்களில் அதிகமாகச் சொத்தையாகிப் பிடுங்கப்படுவதும் அதுதான். உள்ளே இருப்பதால் வெளியே தெரியாது என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டால், பின்னால் உள்ள பல் மெல்லச் சாய்ந்துவிடும், எதிரே உள்ள மேற்பல்லும் கீழே இறங்கிவரும். எனவே பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே மாற்று என்ன என்று பேசி முடிப்பது நல்லது.

கழற்றி மாட்டும் பல்தான் மூன்றிலும் மலிவானது. அறுவை தேவையில்லை, சில நாட்களில் கைக்கு வந்துவிடும். ஆனால் மெல்லும் அழுத்தத்தின் பெரும்பகுதியை ஈறே தாங்க வேண்டியிருப்பதாலும், இரவில் கழற்றி வைக்க வேண்டியிருப்பதாலும், ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்காக இதை வாங்கியவர்களில் பலர் சிறிது காலத்தில் டப்பாவிலேயே விட்டுவிடுகிறார்கள். இதை இடைக்கால ஏற்பாடாக மட்டுமே கொள்ளலாம்.

பிரிட்ஜ் என்பது பக்கத்துப் பற்கள் இரண்டையும் சுற்றிலும் ராவி, அவற்றின் மேல் கேப் போட்டு, நடுவில் ஒரு பொய்ப்பல்லைத் தொங்கவிடும் முறை. இரண்டு மூன்று முறை சென்றுவந்தால் வேலை முடிந்துவிடும் என்பது இதன் பெரிய வசதி. நல்ல எனாமலை இழப்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. ராவிய பற்களில் சில, பிற்பாடு நரம்பு செத்து ரூட் கெனால் வரை செல்வதுண்டு. கேப்பின் விளிம்பில் சொத்தை விழுந்தால் மொத்தப் பிரிட்ஜையும் கழற்ற நேரும். ஆனால் பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே ரூட் கெனால் செய்து கேப் போடவேண்டிய நிலையில் இருந்து, வேர்களும் உறுதியாக இருந்தால், எனாமலைக் காப்பாற்றுவது என்ற வாதமே எழாது. அந்த நிலையில் நான் பிரிட்ஜின் பக்கமே நிற்பேன்.

பக்கத்துப் பற்கள் பழுதின்றி இருந்தால், தாடை எலும்புக்குள் டைட்டானியத் திருகை வேர்போலப் பதித்து அதன் மேல் கேப் போடும் இம்ப்ளான்ட்தான் சிறந்தது. ஆனால் அது ஒரே நாளில் முடியும் வேலை என்ற எண்ணத்தோடு செல்லக்கூடாது. பிடுங்கிய உடனே திருகு வைப்பது, ஈறு மூடியபின் ஆறு முதல் எட்டு வாரங்களில் வைப்பது, எலும்பு நிரம்பியபின் மூன்று நான்கு மாதங்களில் வைப்பது என்று மூன்று விதங்கள் உண்டு. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர்கள் என்பதால் குழி அகலமாக இருக்கும், திருகுக்குப் பிடிமானம் கிடைப்பது கடினம். சீழும் இருந்தால் காத்திருப்பதே பெரும்பாலும் பாதுகாப்பானது. அதற்காக ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. பல் போன இடத்தில் எலும்பின் அகலம் முதல் ஆண்டிலேயே பெருமளவு குறைந்துவிடும், பிறகு எலும்புத் தூள் வைத்துக் கட்ட நேரிடும்.

திருகு வைக்கும் முன், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்து, கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பிலிருந்து குறைந்தது 2 மி.மீ. இடைவெளி இருக்கும்படி நீளத்தைத் தீர்மானிப்பார்கள். அந்த நரம்பு அடிபட்டால் உதடும் முகவாயும் மரத்துப்போகும். திருகு வைக்கும் நாளின் வேலை மரத்துப்போகச் செய்யும் ஊசியோடுதான் நடக்கும். வலியைவிட அதிர்வும் அழுத்தமுமே தெரியும். துளையிடும்போது இடைவிடாமல் நீர் பீய்ச்சுவதற்குக் காரணம் உண்டு: 47 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பாதிக்கப்படும். வீக்கம் இரண்டு மூன்று நாள் இருக்கும், தையலை ஏறக்குறைய ஒரு வாரத்தில் பிரிப்பார்கள்.

அதன்பின் கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதம் காத்திருப்பு. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் பிரோனெமார்க் முயல்களில் கண்டறிந்து, 1965இல் முதல் நோயாளிக்குத் திருகு வைத்தார். இன்றைய இம்ப்ளான்ட் முழுவதும் அந்த ஒட்டுதலை நம்பியே நிற்கிறது. மூன்று, நான்காவது வாரங்களில் பழைய எலும்பு கரைந்து புது எலும்பு உருவாகும் வேளையில் திருகின் பிடி சற்றுத் தளரும். வலி முற்றிலும் நின்று, முறுக்கைக் கடித்துப் பார்க்கத் தோன்றும் நேரமும் அதுதான்.

கேப் வந்தபிறகும் வேறுபாடு தெரியும். இயற்கைப் பல்லைச் சுற்றியுள்ள மென்நார்கள் இதற்கு இல்லாததால், எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்ற உணர்வு மங்கலாகவே இருக்கும். சொத்தை வராது, ஆனால் சுத்தம் குறைந்தால் சுற்றியுள்ள ஈறு அழன்று, வலி காட்டாமலே எலும்பு கரையும். கட்டுப்படாத சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். எலும்புத் தேய்வுக்கு பிஸ்பாஸ்போனேட் மருந்து எடுப்பவர்கள், அதைப் பல்லைப் பிடுங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

செலவை ஒப்பிடும்போது, சொல்லப்படும் தொகையில் திருகு மட்டும் அடங்குகிறதா, ஸ்கேன், எலும்புத் தூள், கேப் எல்லாம் சேர்ந்ததா என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம். திருகின் நிறுவனப் பெயர், விட்டம், நீளம் குறித்த அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பத்தாண்டு கழித்து வேறு ஊரில் கேப் ஆடத் தொடங்கினால், அதற்குப் பொருந்தும் திருப்புளி எது என்பதை அந்த அட்டையைப் பார்த்துத்தான் புதிய மருத்துவர் கண்டுகொள்வார்.