பீங்கானா, சங்கா, பாலாடையா?

தங்கச்சி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மச்சில் கிடந்த ஆச்சியின் பெட்டியைத் திறந்தால் பால் புகட்டுகிற பாத்திரம் மூன்று: ஒரு சங்கு, ஒரு வெள்ளிப் பாலாடை, நீலப் பூப்போட்ட சீமைப் பீங்கான் ஒன்று. "இதுலயே புகட்டலாம்ண்ணே, அழகா இருக்குல்லா" என்று பீங்கானைத்தான் எடுத்தாள்.

அழகுதான். குட்டிப் படகு மாதிரி, ஒரு பக்கம் உதடு நீண்டிருக்கிறது. 18, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரொட்டியையோ மாவையோ கரைத்த கூழைப் பிள்ளைகளுக்கு ஊட்ட இந்த வடிவத்தில்தான் செய்தார்கள். வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். மெருகு முழுக்க மயிரிழை விரிசல், வலை மாதிரி. உதட்டருகே அந்த இழைகள் காப்பிக் கறை பிடித்தாற்போலப் பழுத்திருந்தன. அதற்குள் இறங்கிய பால் எந்த நாருக்கும் வராது. கொதிக்க வைத்தால் விரிசல் இன்னும் வாய்விடும். போதாததற்கு அந்தக் காலத்து மெருகில் ஈயம் சேர்ப்பதும் உண்டு.

மெருகில்லாத மண் என்றால்? காருக்குறிச்சிச் சட்டியில் வைத்த மீன்குழம்பு கழுவிய பிறகும் மணக்கும், தெரியும்தானே. ஜெர்மனியில் பிள்ளைகளோடு புதைத்த சின்ன மண் கெண்டிகளைச் சோதித்து, ஆடுமாட்டுப் பாலின் கொழுப்பு 2,000 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதில் ஊறிக் கிடப்பதை 2019இல் கண்டுபிடித்தார்கள். ஆய்வாளருக்கு அது புதையல், பிள்ளை வயிற்றுக்கு ஆகாது.

சங்கில் ஆச்சி உரமருந்து கொடுப்பாள், நாலு சொட்டு. அதோடு சரி. உள்சுருளுக்குள் போன பாலைக் கண்ணாலும் பார்க்க முடியாது, விரலும் எட்டாது.

பாலாடைக்கு ஒளிவுமறைவே இல்லை. அடியிலிருந்து மூக்கு நுனிவரை திறந்த வாய், தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்கலாம். எடை குறைவாகப் பிறந்து, முலை உறிஞ்சத் தெம்பில்லாத பிள்ளைகளுக்குப் பீய்ச்சிய தாய்ப்பாலைக் கிண்ணத்திலோ பாலாடையிலோ கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. குறையும் உண்டு: சட்டென்று சாய்த்தால் புரையேறும், கழுத்தெல்லாம் வழியும். பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, நுனியைக் கீழுதட்டில் வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும், அவசரப்பட்டு ஊற்றக்கூடாது.

ஆனால் ஆச்சியின் பாலாடையில் மூக்கைத் தனியாகப் பற்றவைத்திருக்கிறார்கள், ஒட்டில் கறுப்பு. அதனால் டவுணில் போய் ஒட்டில்லாத எவர்சில்வர் ஒன்று வாங்கினேன். பீங்கான் இப்போது கண்ணாடி அலமாரியில். தங்கச்சி அதில் ஊக்கு போட்டு வைத்திருக்கிறாள்.