மருந்து இதயத்தைத் தாக்குமா? விலங்கு, செல், கணினி: எதை நம்புவது?

டெர்ஃபெனடின் ஓர் ஒவ்வாமை மாத்திரை. கல்லீரல் அதை உடைக்க முடியாமல் தடுக்கும் கீட்டோகோனசோல் போன்ற மருந்தோடு சேர்ந்தபோது, ரத்தத்தில் அதன் அளவு ஏறி, சிலரின் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போனது. 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது எடுக்கப்பட்டது. இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் 'ஹெர்க்' வாயிலை அது அடைத்ததுதான் கோளாறு.

2005-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், புதிய மருந்துகளை இந்த வாயிலில் சோதிக்கச் சொன்னது. வேகமான சோதனைதான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது தவறு. ரத்த அழுத்தத்துக்குத் தரும் வெரப்பமில் என்ற மருந்து ஹெர்க்கை நன்றாகவே அடைக்கும். கூடவே கால்சியம் வாயிலையும் அடைப்பதால் அந்த ஆபத்து ஈடாகிவிடுகிறது. இப்படிப்பட்ட நல்ல மருந்துகளைத் தொடக்கத்திலேயே தூக்கி எறிந்தால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

சரி, விலங்குகள்? ரத்த அழுத்தம், கல்லீரல் என முழு உடலையும் பார்க்கலாம். அது பெரிய பலம். ஆனால் சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 600 முறை வரை துடிக்கும். ஹெர்க்குக்கு அங்கே பெரிய வேலை இல்லை. முயலும் நாயும் பரவாயில்லை. குருத்தணுக்களிலிருந்து (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்கள்) வளர்த்த இதயச் செல்கள் மனிதச் செல்கள்தான், ஆனால் முழுதாக முதிராதவை.

இதயச் செல்லைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் ஓட்டும் மாதிரி எனக்குப் பிடிப்பது, அது எல்லா வாயில்களையும் சேர்த்துக் கணக்குப் போடுவதால். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் டெனிஸ் நோபல் இதயச் செல்லின் மின்னோட்டத்தைச் சமன்பாடுகளாக எழுதினார். 2011-இல் வந்த ஓஹாரா-ரூடி மாதிரி மனித இதயக் கீழறைச் செல்லையே விவரிக்கிறது. ஒரு மருந்து எந்த வாயிலை எவ்வளவு அடைக்கிறது என்று கொடுத்தால், வெரப்பமிலின் ஈடுகட்டலும் கணக்கில் வந்துவிடும். ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறினால் என்ன ஆகும் என்பதையும், அதாவது டெர்ஃபெனடினின் கதையையே, யாரையும் ஆபத்தில் தள்ளாமல் பார்க்கலாம். 2017-இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு 62 மருந்துகளில் சோதித்தபோது துடிப்புக் கோளாறு ஆபத்தைக் கணினி 89 சதவீதம் சரியாகக் கணித்தது. முயல் சோதனைகளுக்குச் சுமார் 75 சதவீதம்.

ஆனால் ஆய்வகத்தில் அளந்த எண் பிழையானால் விடையும் பிழைதான். அப்புறம், புற்றுநோய் மருந்தான டாக்ஸோரூபிசின் இதயத் தசையையே அரித்துவிடும். மின்னோட்டத்தை மட்டும் கணக்கிடும் மாதிரிக்கு அது தெரியாது. அதனால் துடிப்புக் கோளாறுக்கு முதலில் கணினி, சந்தேகம் வந்தால் மனிதச் செல்கள் என்பதே என் வரிசை. தசைச் சேதத்துக்கு மட்டும் செல்லையும் விலங்கையும் இன்னும் விட முடியாது.