திருவக்கரை கல்மரமும் கூட்டேரிப்பட்டில் நின்ற நாற்பது நிமிடமும்

இந்த முறை ஊருக்குப் போய் வந்ததில் எழுத எவ்வளவோ இருக்கிறது. கல்யாணம், காவிரியில் தண்ணீர், அத்தை கை ரசம். ஆனால் எழுத உட்கார்ந்தால் கூட்டேரிப்பட்டு கூட்ரோடுதான் கண் முன்னால் வந்து நிற்கிறது.

சென்னை விமான நிலையத்திலிருந்து கும்பகோணத்துக்கு ஒன்வே டிராப் கார் பிடித்தோம். கிலோமீட்டருக்கு 14 ரூபாய், பேட்டா 400, டோல் தனி. போன ஊர்ப் பயணத்திலும் இப்படித்தான், ஒரு குறையும் இல்லை. நானும் பன்னிரண்டு வயது மகளும் மட்டும். அவளுக்கு, பழங்கால மரங்கள் கல்லாகிக் கிடக்கிற திருவக்கரை கல்மரப் பூங்காவைக் காட்ட வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். திண்டிவனம் தாண்டி கூட்டேரிப்பட்டில் இடது பக்கம் திரும்பி, மயிலம், பெரும்பாக்கம் வழியாகப் போய்விடலாம். போக வர நாற்பது, ஐம்பது கிலோமீட்டர். அதற்கான காசையும் கொடுக்கத்தானே போகிறோம், வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

கூட்டேரிப்பட்டு வந்ததும், "தம்பி, லெஃப்ட்ல திரும்புங்க" என்றேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "அக்கா, டிரிப்ல இது இல்லையே. ஜிபிஎஸ்ல ரூட் மாறினா ஆபீஸ்ல இருந்து போன் வந்துடும். நீங்களே ஒரு வார்த்தை பேசிடுங்க."

பேசினேன். முதலில் எடுத்தவர் புக்கிங் நம்பர் கேட்டார், சொன்னேன், வேறு ஒருவருக்கு மாற்றிவிட்டார். அவர் மறுபடி புக்கிங் நம்பர் கேட்டார். கூடுதல் கிலோமீட்டருக்குப் பணம் தருகிறேன், காத்திருப்புக்கும் தருகிறேன் என்றேன். டிராப் டிரிப்பில் இடையில் ஊர் சுற்ற முடியாது மேடம், இதைக் கேன்சல் செய்துவிட்டு டே ரென்ட்டாகப் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் கணக்கு, வண்டி சென்னை திரும்புவதற்கும் நீங்கள்தான் தர வேண்டும் என்றார். இருபது கிலோமீட்டர் உள்ளே போய் வருவதற்கு இரண்டு மடங்கு பணமா! மூன்றாவது முறை கூப்பிட்டபோது, "அங்க என்ன மேடம் இருக்கு?" என்று கேட்டார். கல்லாகிப்போன மரம், இரண்டு கோடி வருடத்துக்கு முந்தையது என்றேன். போனில் சத்தமே இல்லை. பிறகு, "லைன்ல இருங்க" என்று பாட்டைப் போட்டுவிட்டார்.

நாற்பது நிமிடம். வெயிலில் பெட்ரோல் பங்க் ஓரமாக நின்றுகொண்டு, ஒரு காதில் அந்தப் பாட்டு, இன்னொரு காதில் மகள் "அம்மா, போக முடியுமா முடியாதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முன்பு மாமா அம்பாசடர் எடுத்துக்கொண்டு மீனம்பாக்கம் வருவார். மதுராந்தகம் ஏரி நிறைந்திருந்தால் கரையில் கால் மணி நேரம், இளநீர் கண்ட இடத்தில் ஒரு நிறுத்தம், மயிலம் முருகன் மலை தெரிந்தால் மேலே போய்விட்டுத்தான் மறுவேலை. வீட்டுக்கு வந்து சேர இருட்டிவிடும், யாரும் கணக்குக் கேட்டதில்லை.

நாங்கள் இருப்பது அரிசோனாவில், பீனிக்ஸ் பக்கம். மூன்று மணி நேரம் ஓட்டினால் ஹோல்புரூக் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கூம்புக் கூடார வடிவில் சிமென்ட்டில் கட்டிய அறைகளோடு ஒரு மோட்டல் இருக்கிறது, 1950இல் கட்டியது, இன்றும் ஆட்கள் தங்குகிறார்கள். பக்கத்திலேயே ஜோசப் சிட்டியில் ஒரு கடை வாசலில் பெரிய முயல் பொம்மை. மஞ்சள் பலகையில் கறுப்பு முயல் வரைந்து "இதோ வந்தாச்சு" என்று எழுதி வைத்திருக்கிறான். ஒரு பொம்மை முயலுக்கு! அதற்கே குழந்தைகள் வண்டியை நிறுத்தச் சொல்லிக் குதிக்கிறார்கள், நாங்களும் நிறுத்தியிருக்கிறோம். ஹோல்புரூக்கை ஒட்டித்தான் கல்மரத் தேசியப் பூங்காவும். 1906லேயே பாதுகாக்கப்பட்ட இடம், சுமார் 22 கோடி வருடத்து மரங்கள். ஒரு துண்டுக் கல்லைத் திருடிக்கொண்டு போனவர்கள் மனசு உறுத்தித் தபாலில் திருப்பி அனுப்பிய கடிதங்களை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மகள் பள்ளிக்காக அதைப் பற்றி எழுதியபோதுதான், நம்ம ஊரிலும் இது உண்டு என்று சொல்லி வைத்தேன். கூட்டேரிப்பட்டில் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பலகையாவது தெரிகிறதா என்று தேடினேன். என் கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டி கிளம்பியதே அந்த டிரைவர் தம்பியால்தான். பூங்கா இருக்கிற ஊர் என்று நான் சொன்ன பெயரைப் போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவர் சரியாகக் கேட்டார். "திருவக்கரையா? வக்கிரகாளியம்மன் கோயில் ஊரா? பௌர்ணமிக்கு எத்தனை டிரிப் வந்திருக்கேன் அக்கா! கோயில்னு சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பாங்களே." என் கையிலிருந்து போனை வாங்கி, "சார், பார்ட்டிக்கு அம்மன் கோயில் வேண்டுதலாம்" என்றார். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கூடுதல் கிலோமீட்டருக்கு அதே 14 ரூபாய், காத்திருப்புக்கு மணிக்கு 150.

வேண்டுதல் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு கோயிலுக்குள் போகாமல் வர மனசு கேட்கவில்லை. காளியையும் மும்முக லிங்கத்தையும் கும்பிட்டுவிட்டுத்தான் பூங்காவுக்குப் போனோம். வக்கிராசுரனை அழித்தபோது சிதறிய எலும்புகள்தான் அந்தக் கற்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதைக் கேட்டபோது மகளின் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டும்.

அந்த டிரைவர் இத்தனை வருடம் வந்தும் கல்மரத்தைப் பார்த்ததே இல்லை. "நீங்களும் வாங்க தம்பி" என்றதும் கூடவே வந்தார். வாயிற்காவலர் நோட்டில் பெயர் எழுதச் சொன்னார், அவ்வளவுதான், சிடுசிடுப்பு இல்லை, காசுக்குக் கை நீட்டவும் இல்லை. செம்மண்ணும் கூழாங்கல்லும் முள்செடியுமான மேடு. அதில் அங்கங்கே, நேற்று யாரோ வெட்டிப் போட்டுவிட்டு வண்டி கொண்டுவரப் போன மாதிரி அடிமரங்கள் கிடக்கின்றன. சுமார் 200 மரங்கள் உண்டு, சில 15 மீட்டர் நீளம். வேரும் இல்லை, கிளையும் இல்லை. ஏனென்றால் இவை இங்கே வளர்ந்தவை அல்ல, பழைய வெள்ளம் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து மணலுக்குள் புதைத்தவை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. புளி, ஆமணக்கு குடும்பத்து மரங்கள்கூட இருக்கின்றன. 1781இல் சொனரா என்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பூங்காவாக்கியது, 247 ஏக்கர்.

தம்பி ஒரு மரத்தின் வெட்டுமுகத்தில் விரலால் தட்டிப் பார்த்தார். டங் என்று பாறைச் சத்தம். நம்பாமல் இன்னொரு தட்டு. "தண்ணி ஊத்திப் பாருங்க" என்று காவலர்தான் சொன்னார். பாட்டிலிலிருந்து ஊற்றியதும், சாம்பல் நிறத்தில் சும்மா கிடந்த கல் காப்பிப் பொடி நிறத்துக்கு மாறி, உள்ளேயிருந்து வளையம் வளையமாக எழுந்து வந்தது, நடுவில் மரத்தின் தண்டுப் புள்ளி வரைக்கும். அரிசோனாவில் சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளக்கிற கற்களைப் பார்த்துப் பழகிய என் பெண், இங்கே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். தம்பி வீட்டுக்கு வீடியோ கால் போட்டு மனைவியிடம், "புளிய மரம்டி, கல்லாயிருக்கு பாரு, தட்டறேன் கேளு" என்று தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் என்று வந்தது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

அப்புறம் விக்கிரவாண்டி, பண்ருட்டி, நெய்வேலி. நெய்வேலி தாண்டும்போது, இங்கே புதைந்த மரங்கள் பழுப்பு நிலக்கரியாகிவிட்டன என்று மகளிடம் சொன்னதற்கு, கல்லாவதா கரியாவதா என்று மரத்துக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டாள். பதிலைத் தேடிக்கொண்டே சேத்தியாத்தோப்பு வந்துவிட்டது.

போகிறவர்கள் புக் செய்யும்போதே திருவக்கரையை ஒரு நிறுத்தமாகப் போட்டுவிடுங்கள், அந்த நாற்பது நிமிடம் மிச்சம். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்க, இன்னொரு பாட்டில் மரத்துக்கு. கும்பகோணத்தில் இறங்கியபோது டிரைவர் தம்பி அந்தக் காத்திருப்புக் காசை வாங்கவே மாட்டேன் என்றார், மகள் கையால் கொடுத்த பிறகுதான் வாங்கிக்கொண்டார். அடுத்த பௌர்ணமிக்குக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு திருவக்கரை போகிறாராம்.