ஞாயிற்றுக்கிழமை வான் வண்டியில் விற்கப்படும் மூலச் சூரணம்: வாங்குமுன் இதை வாசியுங்கள்

மூலவியாதியைப் பற்றி நாலு பேர் வாசிக்க எழுதுவதென்றால் எவருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்தை நம்பியே இந்த வியாபாரம் நடக்கிறது என்பதாலும், என்னைப் பார்த்து இன்னொருவரும் ஏமாந்தார் என்பதாலும் எழுதுகிறேன்.

நான் இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியன். கடந்த வருடம் மலங்கழிக்கும்போது எரிச்சலும் சில சொட்டு இரத்தமும் கண்டபின், வைத்தியசாலைக்குப் போக வெட்கப்பட்டு, ஹட்டன் நகரில் ஒலிபெருக்கி கட்டிய வானில் நின்று “21 நாளில் மூலம் வேரோடு போகும், வெட்டுக் கிழிப்பு இல்லை” என்று கூவியவரிடம் மூன்று பக்கற் சூரணம் வாங்கினேன். ஒரு பக்கற் 1,800 ரூபாய். பற்றுச்சீட்டு இல்லை, பக்கற்றில் உள்ளடக்கமோ, தயாரித்தவரின் பெயரோ, பதிவு இலக்கமோ இல்லை. விடைத்தாளில் பெயர் எழுத மறந்த பிள்ளையைக் கடிந்துகொள்ளும் என் கண்ணுக்கு அன்று அது தெரியவில்லை.

சூரணத்தைவிட, அதனுடன் தந்த பத்தியத் தாள்தான் எனக்கு அதிகக் கெடுதல் செய்தது. கீரை, பயறு, பழம், குரக்கன் யாவும் “வாயு” என்று விலக்கப்பட்டிருந்தன. வெள்ளையரிசிக் கஞ்சி, பாண், பிஸ்கட் ஆகியவை மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தன. தண்ணீரையும் குறைக்கச் சொல்லியிருந்தது. முதல் மூன்று நாள் வயிறு இளகியதால் நான் மகிழ்ந்தேன். பின்னர் வயிற்று முறுக்கு வந்தது; மூன்றாவது பக்கற் முடிந்ததும் நான்கு நாள் மலமே இறங்கவில்லை; ஐந்தாம் நாள் முன்பைவிட அதிகமாக இரத்தம் போனது. உணவு மலத்தை இறுக்க, சூரணம் அதை இளக்க, சூரணத்தை நிறுத்தினால் மறுபடியும் வானைத் தேடிப் போக வேண்டியிருக்கும் என்ற கணக்கு எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இதற்கிடையில் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்து கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர், “சேரே குடிக்கிறாருன்னா நல்ல மருந்தாத்தான் இருக்கும்” என்று அதே மூன்று பக்கற்றை வாங்கியிருந்தார். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது முழுதாக நான்கு பேர், அதாவது நான்கு நாள் உழைப்பு.

கடைசியில் அரசாங்க வைத்தியசாலைக்குப் போனேன். ஒரு சதமும் செலவில்லை. பரிசோதனையும் நான் பயந்த அளவுக்கு இல்லை, சில நிமிடங்களில் முடிந்தது. எனக்கு இரண்டாம் நிலை மூலம் என்றும், இப்படி உடனே இளக்கும் பொடிகளில் பெரும்பாலும் நிலவாகை போன்ற பேதிச் சரக்கு இருக்கும் என்றும், அது மூலத்துக்கான மருந்தல்ல என்றும் வைத்தியர் சொன்னார். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை நார்ச்சத்து வேண்டும். வெள்ளைப் பாண் துண்டொன்றில் ஒரு கிராம்கூடத் தேறாது என்று அவர் சொன்னபோது, நான் கைக்கொண்ட பத்தியம் எத்தகையது என்று புரிந்தது.

இப்போது சிவப்பரிசிச் சோறு, குரக்கன் ரொட்டி, பருப்பு, போஞ்சி, வல்லாரைச் சம்பல், தோலுடன் பேரிக்காய், பப்பாசி, கொய்யா என்று சாப்பிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதும். இரண்டு மூன்று வாரங்களில் மெல்லக் கூட்ட வேண்டும். தண்ணீர் போதாமல் நாரை மட்டும் கூட்டினால் மலம் இன்னும் இறுகும். குளிரில் தாகம் எடுக்காது, சாயத் தேத்தண்ணீரோடு பொழுது போய்விடும். அதிலும் மலையில் மலசலகூடம் இல்லாததால் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு “தண்ணீர் குடி” என்று சொல்வதற்கே எனக்கு நா கூசுகிறது; அது அவர்களுடைய குற்றமல்ல. இளஞ்சூட்டு நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருவது எரிச்சலைத் தணிக்கிறது. முக்குவதையும் கைத்தொலைபேசியுடன் நெடுநேரம் குந்தியிருப்பதையும் விட்டுவிட்டேன்.

உணவு உபாதையைக் குறைக்கும். இரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாது. குடற்புற்றுநோயிலும் இரத்தம் போகலாம் என்பதால், அதை மூலம் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. நாட்டு வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்படி பதிவுபெற்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். வானில் வந்தவரிடம் நான் கேட்டிருந்தால் 5,400 ரூபாய் மிஞ்சியிருக்கும். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லாத என் கையில் வெறும் பக்கற் மட்டுமே இருக்கிறது, அதை எறியாமல் வைத்திருக்கிறேன்.

அவர் தந்த தொலைபேசி இலக்கம் இயங்கவில்லை. அதே வானைச் சென்ற இரு ஞாயிறுகளில் தலவாக்கலையில் கண்டதாக நண்பர் ஒருவர் சொன்னார். ஆறு மாதமாக இரத்தம் போவதை மறைத்து, சோகை பிடித்து, மலை ஏற முடியாமற்போன அந்த அக்காவுக்குக் கண்டியில் குடல் பரிசோதனைக்குத் திகதி கிடைத்திருக்கிறது. அவர் செலவழித்த பணத்தை நான் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார்; கண்டிக்குத் துணைக்கு வந்தால் போதும் என்றார்.