வெப்பநிலை காருக்குத் தெரியும், எனக்குச் சொல்லாது: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலோடு என் அனுபவம்

போன வாரம் நண்பன் கூப்பிட்டான். "நீதான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டுலயே மாத்துறியே, என் வண்டிக்கும் நாமளே பண்ணிடலாமாடா? ரொம்பக் கஷ்டமா?" என்று கேட்டான். ஆயிலை மாற்றுவது கஷ்டமில்லை, அளவு பார்ப்பதுதான் கஷ்டம் என்றேன். ஏன் என்று கேட்டதும் என் குரல் ஏறிவிட்டது. அவன் மேல் கோபமில்லை. யார் மேல் என்று போனில் விளக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வண்டி 9 வருடமாக என்னிடம் இருக்கிறது. 6 கியர் ஆட்டோமேட்டிக், 1,41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கியர்பாக்ஸைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. இரண்டிலிருந்து மூன்றுக்கு எப்போது போனது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான் தெரியும். ஆயில் மூன்று முறை மாறியிருக்கிறது. 62,000-இல் ஒரு ஒர்க்‌ஷாப்பில், 98,000-இல் நானே, போன மாதம் 1,38,000-இல் மறுபடி நானே. இந்த ஆயில் வண்டியின் ஆயுளுக்கும் போதும், மாற்றவே வேண்டாம் என்று கையேட்டில் போட்டிருந்தது. நான் நம்பவில்லை. பல கார் நிறுவனங்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனம், தன் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. செய்தவன் மாற்று என்கிறான், வாங்கி மாட்டியவன் வேண்டாம் என்கிறான். நான் செய்தவன் பேச்சைக் கேட்கிறேன். புதிதில் சிவப்பாக இருக்கும் ஆயில் இது, 62,000-இல் வெளியே வந்ததில் சிவப்பு என்பதே மிச்சமில்லை, அடர்ந்த பழுப்பு.

பழைய ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பானட்டைத் திறந்தால் கியர்பாக்ஸுக்கென்றே ஆயில் அளவு பார்க்கும் குச்சி, தனி டிப்ஸ்டிக் இருக்கும். இழு, துடை, செருகு, மறுபடி இழுத்துப் பார். அவ்வளவுதான். என் வண்டியில் அது இல்லை. அடியில், ஆயில் தேங்கி நிற்கும் தட்டில், அதாவது ஆயில் பேனில், ஒரு பிளக் இருக்கிறது. அதற்கு மேலே உள்பக்கமாக நின்ற வாக்கில் ஒரு சிறு குழாய். ஆயில் மட்டம் குழாயின் வாயைத் தாண்டினால் வழியும், தாண்டாவிட்டால் வழியாது. தண்ணீர்த் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் மாதிரிதான். கொட்டினால் அதிகம், ஒன்றுமே வராவிட்டால் குறைவு, மெல்லிய ஒழுக்கு சொட்டாக மாறும் இடம்தான் சரியான அளவு.

ஏற்பாடு எளிமையானதுதான். ஆனால் ஆயில் சூடேறினால் விரியும். ஒரு டிகிரிக்குப் பத்தாயிரத்தில் ஏழெட்டுப் பங்கு என்று வைத்துக்கொண்டால், 7 லிட்டர் ஆயில் 10 டிகிரி ஏறும்போது சுமார் 50 மில்லி கூடும். 45 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட கால் லிட்டர். ஆக, எந்தச் சூட்டில் வழிந்தது என்று தெரியாமல் வழிந்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அளவு பார்க்க வேண்டிய சூடு என் வண்டிக்கு 35 முதல் 45 டிகிரி செல்சியஸ். மெர்சிடிஸின் 722.9 கியர்பாக்ஸுக்கு 45 டிகிரி. இசட்எஃபின் 8எச்பி கியர்பாக்ஸுக்கு 30 முதல் 50. ஹூண்டாயின் பல 6 கியர் வண்டிகளுக்கு 50 முதல் 60. எந்தச் சூட்டைக் கணக்கில் வைத்து அந்தக் குழாயின் உயரத்தை வெட்டினார்களோ, அதுதான் அந்த கியர்பாக்ஸின் எண். இன்னொரு வண்டிக்காரர் சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆயில் அதிகச் சூட்டில் இருக்கும்போது பார்த்தால், விரிந்த ஆயில் வழிந்து போய்விடும், ஆறியதும் கியர்பாக்ஸில் ஆயில் குறைவாக இருக்கும். குளிர்ந்திருக்கும்போது பார்த்தால் அதிகமாக ஊற்றிவிடுவீர்கள். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் வழுக்கித் தேயும், கருகும். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரைத்த ஆயிலில் அழுத்தம் நிற்காது, காற்றுத்துளை வழியாக வெளியே கக்கும். இரண்டும் கெடுதல்தான். ஆனாலும் இரண்டு மூன்று டிகிரி தப்பினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். இரண்டு டிகிரிக்கு 10 மில்லிதான்.

62,000-இல் எனக்கு நடந்தது இரண்டு மூன்று டிகிரி தப்பு இல்லை. ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போன வண்டியை அப்படியே லிஃப்டில் ஏற்றினார்கள். பழைய ஆயிலை இறக்கி, புதியதை ஊற்றி, இன்ஜினை அணைத்து வைத்துவிட்டு பிளக்கைக் கழற்றினார்கள். கொட்டியது. நின்றதும் மூடிவிட்டார்கள். இன்ஜின் ஓடும்போது பம்ப் ஆயிலை மேலே தள்ளி, இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரையும் குழாய்களையும் நிரப்பி வைத்திருக்கும், அப்போது பேனில் இருக்கிற மட்டம்தான் உண்மையான மட்டம். அணைத்தால் அதில் ஒரு பகுதி கீழே இறங்கிவிடும். அந்த நேரத்தில் பிளக்கைக் கழற்றினால் தேவையான ஆயிலும் சேர்ந்து போகும். வேலை செய்த இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன். கவனமாகத்தான் செய்தார், நட்டைத் துடைத்துத்தான் மாட்டினார். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கையில் வெப்பநிலை பார்க்கும் கருவியும் யாரும் கொடுக்கவில்லை.

இரண்டே வாரத்தில் காலையில் ரிவர்ஸிலிருந்து டிரைவுக்குப் போட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் வண்டி நகர்ந்தது. வளைவில் திரும்பும்போது இன்ஜின் உறுமும், வேகம் வராது. நான் அடியில் படுத்தது அப்போதுதான் முதல் தடவை. இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் துளையான ஃபில்லர் வழியாக முக்கால் லிட்டருக்குப் பக்கத்தில் ஊற்றிய பிறகுதான் குழாயில் முதல் துளி எட்டிப் பார்த்தது. முக்கால் லிட்டர் குறைவாக நான் இரண்டு வாரம் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறேன். இதை எழுதும்போதும் வயிறு கலங்குகிறது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். கியர்பாக்ஸுக்குள் ஆயிலின் வெப்பத்தை அளக்க ஒரு சென்சார் இருக்கிறது. அது இல்லாமல் கியர் மாற்றமே சரியாக நடக்காது. காரின் கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு நொடியும் அந்த எண் தெரியும். டேஷ்போர்டில் பெரிய திரை இருக்கிறது. வெளியே எத்தனை டிகிரி, எந்த டயரில் எவ்வளவு காற்று, எந்தக் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று எல்லாம் சொல்கிறது. இந்த ஒரு எண்ணை மட்டும் காட்டுவதில்லை. கார் செய்தவர்களே, டிப்ஸ்டிக்கை எடுத்தீர்கள், சரி. தூசி போகக்கூடாது, யாரும் தப்பான ஆயிலை ஊற்றிவிடக்கூடாது என்று உங்களுக்கு நியாயம் இருக்கலாம். அளவு பார்க்க வெப்பநிலை வேண்டும் என்று விதி வைத்துவிட்டு அந்த வெப்பநிலையைப் பூட்டி வைப்பதற்கு என்ன நியாயம்? டொயோட்டாவின் பல வண்டிகளில் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறார்கள். காரின் கம்ப்யூட்டரோடு கருவிகளை இணைக்கும் ஓபிடி சாக்கெட்டில் 4-ஆம், 13-ஆம் முனைகளை ஒரு ஒயரால் இணைத்து, லீவரை நியூட்ரலுக்கும் டிரைவுக்குமாகச் சில முறை மாற்றினால், டேஷ்போர்டில் டிரைவ் விளக்கு வெப்பமானியாக மாறிவிடும். குளிர்ந்திருந்தால் எரியாது, சரியான சூட்டில் எரியும், தாண்டினால் மினுக்கும். கருவியே வேண்டாம். ஒரு விளக்கை வைத்தே சொல்ல முடிகிறது என்றால் என் வண்டியின் திரையால் ஏன் முடியாது?

எண் தெரியாததால், தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி வாங்கினேன். 98,000-இல் அதை நம்பித்தான் செய்தேன். பேனைக் குறிவைத்து அமுக்கினால் 38, 39, 40 என்று ஒழுங்காக ஏறியது. 40-இல் பிளக்கைக் கழற்றினேன், வழிந்தது, சொட்டானது, மூடினேன். எல்லாம் சரியாகச் செய்த திருப்தி. சில மாதம் கழித்து வேறொரு வேலையாக அடியில் படுத்திருந்தபோது, பேனில் ஒட்டியிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப் மேல் தற்செயலாகத் துப்பாக்கியின் ஒளி பட்டது. டேப்பில் 57. பக்கத்திலேயே வெறும் அலுமினியத்தில் 38. பளபளக்கும் உலோகம் தன் சூட்டைக் கதிராக வெளியே விடுவது மிகக் குறைவு, துப்பாக்கியோ அந்தக் கதிரை வைத்துத்தான் அளக்கிறது. கறுப்பு டேப்பில்தான் உண்மை தெரிந்தது. அப்படியென்றால் 40 என்று நினைத்து நான் மூடியது 60-க்குப் பக்கத்தில். பிறகு சரியாக அளந்து பார்த்தபோது 100 மில்லிக்குக் கொஞ்சம் மேல் குறைவாக இருந்தது, கணக்கும் அதையேதான் சொன்னது. துப்பாக்கிதான் வழி என்றால் பேனில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளங்கள். அப்போதும் உள்ளே இருக்கும் ஆயிலின் சூடும் வெளித் தகட்டின் சூடும் ஒன்றல்ல.

இப்போது என்னிடம் இருப்பது ஓபிடியில் செருகும் சின்ன ப்ளூடூத் கருவி. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. சாதாரணச் செயலிகள் காட்டுவது இன்ஜின் கூலன்ட் வெப்பம், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூடு. கியர்பாக்ஸ் ஆயில் வெப்பம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிக் குறியீடு, அதைப் படிக்கத் தெரிந்த செயலி வேண்டும். சரியான எண்ணைத்தான் பார்க்கிறோமா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். கியர்பாக்ஸ் ஆயிலும் கூலன்ட்டும் வெளிக்காற்றும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் கூலன்ட் விறுவிறுவென்று ஓடும், கியர் ஆயில் பின்னாலேயே மெதுவாக வரும்.

போன மாதம் செய்தது விடியற்காலையில், வண்டி இரவு முழுக்க ஆறியிருந்தது. வெயில் நாளில் மதியம் தொடங்கினால் 35-ஐத் தொடக்கத்திலேயே தாண்டிவிடும், கை வேலைக்கு நேரமே இருக்காது. நான்கு ஸ்டாண்டிலும் வண்டியை மட்டமாக நிறுத்தினேன். ஒரு பக்கம் சாய்ந்தால் மட்டமும் பொய்தான். முதலில் ஃபில்லர் பிளக்கைத் திறந்தேன். அது இறுகிக் கிடக்கிறது என்பது டிரெயின் பண்ணிய பிறகு தெரிந்தால் வண்டி நகராது. இறங்கிய ஆயிலை அளவுக்கோடு போட்ட பாட்டிலில் பிடித்தேன். 3.2 லிட்டர். அதே அளவு புதியதைக் கைப்பம்பால் ஏற்றினேன். மிச்சம் கன்வர்ட்டருக்குள் இருக்கும், ஒரு தடவையில் ஏறக்குறைய பாதிதான் மாறும். இரண்டாவது தடவையில் பழையது கால் பங்கு, மூன்றாவதில் எட்டில் ஒன்று. எனக்கு ஒரு தடவை போதும், அடுத்ததை இரண்டு வருடம் கழித்து வைத்துக்கொள்வேன்.

என் மனைவி டிரைவர் சீட்டில் பிரேக்கை அழுத்திக்கொண்டு, மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு கியரிலும் சில நொடி நிறுத்தி, எல்லாவற்றுக்கும் போய்விட்டுப் பார்க்குக்கு வந்தாள். பிறகு எண்ணிக்கை. "33... 34... 36 ஆச்சுங்க, இப்பத் திறங்க." திறந்தேன், ஒன்றும் வரவில்லை. பம்பில் கொஞ்சம் ஏற்றினேன். "38." இன்னும் கொஞ்சம். ஒரு கை அகலத்தில் எக்ஸாஸ்ட் குழாய் தகித்துக்கொண்டிருக்க, முகத்துக்கு மேலே குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். 39-இல் பளிச்சென்ற சிவப்பில் ஒரு நூல் இறங்கியது. நூல் மெலிந்தது, நடுவில் அறுந்தது, சொட்டாயிற்று. "40" என்றாள். புது வாஷரோடு பிளக்கை மூடி டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். அந்த ஒரு நிமிடத்தில், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, என் கியர்பாக்ஸில் எவ்வளவு ஆயில் இருக்கிறது என்று சந்தேகமில்லாமல் எனக்குத் தெரிந்தது. அந்த நிம்மதியை வேறு எந்த ரிப்பேரும் கொடுத்ததில்லை.

ரிவர்ஸிலிருந்து டிரைவ் இப்போது உடனே விழுகிறது. வளைவில் உறுமல் இல்லை. குளிர்ந்த காலையில் முதல் கியர் மாற்றத்தில் இருந்த சின்ன அதிர்வும் போய்விட்டது.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகும், இந்த வண்டியை இன்னொருவருக்கு வாங்கச் சொல்ல மாட்டேன். கியர்பாக்ஸ் அருமை, ஆனால் அதைப் பராமரிக்க உரிமையாளருக்குத் தேவையான ஒரே எண்ணை மறைக்கிற காரை நான் மறுபடி வாங்கமாட்டேன். அடுத்த வண்டியைப் பார்க்கப் போகும்போது, கியர் ஆயில் வெப்பநிலை எங்கே தெரியும் என்பதுதான் என் முதல் கேள்வி. வீட்டில் செய்யலாமா என்றால், மட்டமான தரை, நான்கு ஸ்டாண்டு, சரியான எண்ணைப் படிக்கும் கருவி, உள்ளே உட்கார ஒரு ஆள், இந்த நான்கும் இல்லாதவர்கள் தொடவே வேண்டாம்.

நண்பனுக்கு நேற்றுத் திரும்பக் கூப்பிட்டேன். சரியான ஆயிலின் பெயரைக் கையேட்டில் பார்த்து 4 லிட்டர் வாங்கி வை, இரண்டு பிளக்குக்கும் புது வாஷர் வாங்கு, வண்டியைச் சனிக்கிழமை ராத்திரியே இங்கே கொண்டுவந்து நிறுத்திவிடு என்று சொன்னேன். ராத்திரியே எதற்குடா என்று கேட்டான். ஆறணும்டா என்றேன்.