ஜென்டிங் போகிறவர்கள் கவனத்துக்கு: "காசினோவுக்கு எதிரேயே ரூம்" என்று சொல்லி எங்களிடம் பிடுங்கிய 46,800 ரூபாய்

46,800 ரூபாய். கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தத் தொகையாவது மனதில் நிற்கட்டும் என்று முதலிலேயே போட்டுவிட்டேன். மலேசியாவில் ஜென்டிங் மலை உச்சியில், காசினோவுக்கு நேர் எதிரே, இரண்டு படுக்கையறை உள்ள வீடு, மூன்று இரவு என்று சொல்லி வாங்கிய பணம் இது. கொடுத்தது பாதி மலையில் ஓர் அடுக்குமாடி வீடு. ஊர் வந்து பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. ஆத்திரம் ஆறினால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும், அதனால்தான் இப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

பெயர் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எப்படிப்பட்ட ஆள் என்று மட்டும் சொல்கிறேன். கடை கிடையாது, போர்டு கிடையாது. ரீல்ஸ் போட்டு "பட்ஜெட்டில் மலேசியா, குடும்பத்தோடு வாங்க" என்று கூவுகிற பயண முகவர். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பேச ஆரம்பித்தால் தேன்தான்.

நாங்கள் ஆறு பேர். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார், கொழுந்தனார். கொழுந்தனாருக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது காசினோவை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். மலேசியாவிலேயே சட்டப்படி நடக்கும் ஒரே காசினோ அந்த மலை உச்சியில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு 2022இல் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் தீம் பார்க். மாமியாருக்கு மூட்டு வலி, ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். அதனால் நான் முகவரிடம் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான். தங்குமிடத்திலிருந்து எல்லாமே நடக்கும் தூரமா? கட்டில் எப்படி, டிவி எப்படி என்றெல்லாம் நான் கேட்கவே இல்லை. கேட்டது அது ஒன்றுதான்.

அவர் அனுப்பிய பதில் இன்னும் என் போனில் குரல்பதிவாக இருக்கிறது. "அக்கா, எதிரேதான்க்கா. ஜன்னலைத் திறந்தா காசினோ தெரியும். அம்மாவுக்கு முட்டி வலின்னு சொன்னீங்கல்ல, அதான் லிஃப்ட் பக்கத்துல இருக்கற வீடாப் பாத்து எடுத்து வெச்சிருக்கேன்."

இந்தக் கடைசி வரியில்தான் வீட்டுக்காரர் விழுந்தார். போகிற போக்கில் நான் சொன்ன மூட்டு வலியை ஞாபகம் வைத்திருந்து பேசுகிறாரே, நல்ல பையன் என்றார். அப்புறம் படங்கள் வந்தன. பால்கனியிலிருந்து எடுத்த படம், எதிரே பட்டை பட்டையாக வண்ணம் அடித்த ஃபர்ஸ்ட் வேர்ல்டு ஹோட்டல். அந்தக் கட்டடத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்திருப்பீர்கள். 7,351 அறைகள், உலகிலேயே அதிக அறைகள் உள்ள ஹோட்டல் என்று 2015இல் கின்னஸ் கொடுத்தது. அப்படியானால் அங்கேயே ஒரு ரூம் போடுங்களேன் என்று கேட்டேன். "சனிக்கிழமை வருதுக்கா, ஒரு ரூம்கூடக் கிடைக்காது. கிடைச்சாலும் ஆறு பேருக்கு மூணு ரூம் ஆகும், வெவ்வேற மாடியில போடுவான், அம்மாவ எங்க தேடுவீங்க?" என்றார். சனிக்கிழமைகளில் அங்கே விலை ஏறுவதும் மலேசியப் பள்ளி விடுமுறையில் கூட்டம் பிதுங்குவதும் உண்மை. பொய்யை உண்மையோடு பிசைந்து கொடுத்தால் யார்தான் கண்டுபிடிக்க முடியும்?

பணம் முழுவதும் முன்பணம், யூபிஐயில், ஒரு தனிநபர் கணக்குக்கு. 46,800 ரூபாய்.

இப்போது அந்த மலையைப் பற்றிச் சொல்கிறேன், இதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்று வேலை உங்களிடம் பலிக்காது. ஜென்டிங் என்பது ஒரே இடம் கிடையாது. உச்சி என்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர், நம் ஏற்காட்டைவிட உயரம், ஊட்டியைவிடக் குறைவு. காசினோ, தீம் பார்க், ஸ்கைஅவென்யூ மால், ஃபர்ஸ்ட் வேர்ல்டு, ரிசார்ட் ஹோட்டல், ஜென்டிங் கிராண்ட் எல்லாம் அந்த உச்சியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மழையில் நனையாமல், குளிரில் நடுங்காமல், உள்ளுக்குள்ளேயே நடந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். பாதி மலையில் கோத்தோங் ஜெயா என்று தனியாக ஒரு குடியிருப்பு இருக்கிறது. இந்த ரிசார்ட்டை உருவாக்கிய லிம் கோ தோங் பெயரில் அமைந்த ஊர். அங்கிருந்து உச்சிக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலை, ஏறக்குறைய 10 கிலோமீட்டர். அந்தப் பகுதியிலும் சுற்றுவட்டாரத்திலும் வரிசையாக அடுக்குமாடிகள், அவற்றில் ஏகப்பட்ட வீடுகளை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். வீடு மோசம் என்று சொல்லவில்லை. கார் வைத்திருக்கும் மலேசியக் குடும்பத்துக்கு அது நல்ல இடம், விலையும் குறைவு. விஷயம் என்னவென்றால் உச்சிக்கும் சரி, பாதி மலைக்கும் சரி, முகவரியில் எழுதுவது "69000 ஜென்டிங் ஹைலேண்ட்ஸ்" என்றுதான். இந்த ஒரு வரியை வைத்துத்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது.

எங்களுக்கு இதை முதலில் சொன்னது கோலாலம்பூரிலிருந்து ஏற்றிவந்த ஓட்டுநர். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். பத்துமலையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு (272 படி, மாமியார் கீழேயே உட்கார்ந்து பெரிய சிலையைப் பார்த்துக்கொண்டார்) வண்டியில் ஏறியதும் முகவரியைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இது மேல இல்லங்க அக்கா. பாதி மலதான். மேல ரூம் போட்டிருக்குன்னா சொன்னாங்க?" என்றார். அவர்தான் ஏதோ தப்பாகச் சொல்கிறார் என்று நினைத்து வீட்டுக்காரர் அவருக்கே வழி சொல்லப் பார்த்தார். பாவம், அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் ஓட்டினார்.

வீடு வந்தது. வரவேற்க ஆள் இல்லை. கம்பியில் தொங்கும் சாவிப் பெட்டி, அதற்கு ஓர் எண். லிஃப்ட் பக்கத்து வீடு என்றாரே, லிஃப்ட்டிலிருந்து நீளமான தாழ்வாரத்தின் கடைசி வீடு. படத்தில் பார்த்த பால்கனி இல்லை, சோபா இல்லை, எதுவும் அது இல்லை. மாமியார் ஜன்னலைத் திறந்தார். பனிமூட்டம். சாயங்காலம் கொஞ்சம் விலகியபோது, எங்கேயோ உயரத்தில், மலைக்கு மேலே, விளக்கு வெளிச்சமாகக் கட்டடங்கள் தெரிந்தன. ஜன்னலைத் திறந்தால் காசினோ தெரியும் என்றார் அல்லவா, தெரிந்தது!

அன்றிலிருந்து எங்கள் விடுமுறை முழுக்க வண்டி தேடுவதிலேயே போனது. ஆறு பேர் ஒரு சாதாரண காரில் போக முடியாது, இரண்டு கார் வேண்டும். செயலியில் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆள் கிடைக்காது. வெளியே நிற்கும் ஆட்கள் ஒரு காருக்கு 40 ரிங்கிட் கேட்டார்கள், நம் பணத்தில் 800 ரூபாய் பக்கம், ஒரு வழிக்கு. அவானா நிலையத்திலிருந்து ஸ்கைஅவென்யூவுக்குக் கேபிள் கார் இருக்கிறது, பத்து நிமிடத்தில் ஏற்றிவிடும், நடுவே சின் ஸ்வீ கோயிலில் இறங்கிப் பார்க்கலாம், அருமையான சவாரி. ஆனால் நாங்கள் இருந்த இடத்திலிருந்து அந்த நிலையத்துக்கே வண்டி வேண்டும். நள்ளிரவோடு அது நின்றும்விடும், காசினோவோ 24 மணி நேரமும் திறந்திருக்கும். கொழுந்தனார் ஒரு மணிக்கு வெளியே வந்து குளிரில் வண்டிக்காக நின்ற கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். மாமியார் ஒருநாள் மேலே வந்தார். முட்டி விட்டுப்போனது, படுக்க இடமில்லை, மாலில் ஒரு பெஞ்சில் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தார். அடுத்த நாள், "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். வெளிநாட்டுப் பயணம் வந்து அந்த அறையில் தனியாக உட்கார்ந்து ஜபமாலை உருட்டினார். எனக்கு 46,800 ரூபாயைவிட அதுதான் எரிகிறது.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன், இது அதைவிட அழகு. பில்லில் "காசினோ நுழைவுக் கட்டணம், இரண்டு பேர், 5,000 ரூபாய்" என்று ஒரு வரி. அதற்கு ஒரு கூப்பன் வேறு, முத்திரையெல்லாம் போட்டு. கோவாவில் மாண்டவி ஆற்றில் நிற்கும் காசினோ கப்பல்களில் உள்ளே போகப் பணம் கட்ட வேண்டும், அதில் சாப்பாடும் சேரும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அப்படித்தான் என்று கொழுந்தனார் நம்பிவிட்டார். ஜென்டிங் காசினோவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. 21 வயது ஆகியிருக்க வேண்டும், முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை, மற்றபடி பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு நடந்து உள்ளே போகலாம். வாசலில் நின்ற காவலர் அந்தக் கூப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கையில் கொடுத்துவிட்டார். இல்லாத கட்டணத்துக்கு 5,000 ரூபாய். அந்த 46,800இல் இதுவும் அடக்கம்.

இனி முகவரின் பதில்களைக் கேளுங்கள். வந்து சேர்ந்த அன்றே கூப்பிட்டேன். "அக்கா, ஓனர்கிட்ட பேசிட்டு லைன்ல வரேன்" என்றார். வரவில்லை. மறுநாள் வாட்ஸ்அப்பில், "சிஸ்டர், நீங்க கேட்டது ஜென்டிங். குடுத்தது ஜென்டிங். அட்ரஸ் பாருங்க." அக்கா சிஸ்டராகிவிட்டேன். குரல்பதிவை அவருக்கே திருப்பி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. வீட்டுக்காரர் வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டதும் எடுத்தார், "சார், மலைன்னா கொஞ்சம் மேல கீழத்தான் சார் இருக்கும்" என்றார். 10 கிலோமீட்டர் என்பது கொஞ்சம் மேல கீழ!

ஊர் திரும்பியதும் ஒரு பெண் பேசினார், ரீஃபண்ட் டிபார்ட்மென்டாம். கடை இல்லாத ஆளுக்கு டிபார்ட்மென்ட். ஏழு முதல் பத்து வேலை நாட்கள் ஆகும், டிக்கெட் எண் அனுப்புகிறோம், மேடம் என்றார். எண் வரவில்லை. அப்புறம் முகவரே ஒரு செய்தி போட்டார். அவர் பக்கத்தில் நான் எழுதியதை எடுத்துவிட்டால் 2,000 ரூபாய் அனுப்புவாராம், அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடியும் உண்டாம். அடுத்த பயணம்! மறுத்ததும் என்னைத் தடை செய்துவிட்டார். நேற்று மாமியார் போனிலிருந்து பார்த்தேன், அதே வண்ணக் கட்டடப் படத்தைப் போட்டு தீபாவளிச் சலுகை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜென்டிங்கில் எங்கே தங்குவது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் ஆரம்பித்தேன். எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது, அவசரமாக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கட்டடத்தின் பெயரை வாங்காமல் பணம் போடாதீர்கள். வாங்கிய பெயரை வரைபடத்தில் போட்டு அங்கிருந்து ஸ்கைஅவென்யூவுக்குக் காரில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள், "ஜென்டிங் ஹைலேண்ட்ஸ்" என்ற முகவரியைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வயதானவர்கள் வந்தால் உச்சியில் உள்ள ஹோட்டலில், அந்த ஹோட்டலின் சொந்தத் தளத்திலேயே பதியுங்கள். ஞாயிறு முதல் வியாழன் வரை விலை நன்றாகவே குறையும், சனிக்கிழமையை மட்டும் தவிருங்கள். ஃபர்ஸ்ட் வேர்ல்டில் சாதாரண அறைகளில் ஏசி இருக்காது, குளிர் ஊர், பயப்பட வேண்டாம். வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, அது ஏமாற்று இல்லை. காசினோ நுழைவு என்று யாராவது காசு கேட்டால் அது ஏமாற்று. தனிநபர் யூபிஐக்கு முழுப் பணமும் வேண்டவே வேண்டாம், கார்டில் கட்டினால் வங்கியிடமாவது முறையிட முடியும். ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள், தயங்கினால் போனை வைத்துவிடுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்ததுமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள், நுகர்வோர் உதவிக்கு 1915. நாங்கள் இரண்டுக்கும் பேசிவிட்டோம். குரல்பதிவு, கூப்பன், யூபிஐ ரசீது, அந்த வீட்டின் ஜன்னலிலிருந்து எடுத்த படம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். 46,800 ரூபாயில் ஏதாவது திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன், பெயரோடு.